எழுத்துக் கூட்டிப் படிக்கும் பேரனும் 18,000 ரூபாய்ப் பயிற்சியும்

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். ராஜபாளையத்தில் பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மகளும் மருமகனும் வெளிநாட்டில் இருப்பதால் பேரன் எங்களிடம் வளர்கிறான். ஆறரை வயது, இரண்டாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். தமிழானாலும் இங்கிலீஷானாலும் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறான். எதிர்வீட்டுப் பெண்ணுக்கும் இவன் வயதுதான், கடகடவென்று வாசிக்கிறாள். இவன் சின்ன 'பி'யையும் சின்ன 'டி'யையும் மாற்றிப் போடுகிறான், 3-ஐத் திருப்பி எழுதுகிறான். இங்கே ஒரு பயிற்சி மையத்தில் தலையில் பட்டை மாட்டி 'பிரெய்ன் மேப்பிங்' செய்தார்கள். வலது மூளை தூங்குகிறது, அதை எழுப்பினால் படிப்பு தானாக வரும் என்று வண்ணத்தில் நாலு பக்க ரிப்போர்ட் கொடுத்தார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கவும் சொல்லித் தருவார்களாம். மொத்தம் 18,000 ரூபாய், 1,000 முன்பணம் கட்டிவிட்டேன். மீதியைக் கட்டலாமா? படிக்கும்போது குழந்தையின் மூளையில் உண்மையில் என்னதான் நடக்கிறது? இன்னொன்று. என் வீட்டுக்காரிக்கு எழுத்துத் தெரியாது. பேரன் படிக்கும்போது அவளும் பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்க்கிறாள். அறுபது வயதில் ஏறுமா?

பதில்: ஐயா, வணக்கம்.

மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் பேசலாம்.

தலையில் மாட்டினார்களே, அந்த வகைக் கருவியே பொய் என்று சொல்லமாட்டேன். மூளையின் மின் அலைகளை மண்டைத் தோலின் மேலிருந்து பிடிக்கும் ஈ.ஈ.ஜி. பரிசோதனையை, வலிப்பு இருக்கிறதா என்று பார்க்க நானே வாராவாரம் பலருக்கு எழுதிக் கொடுக்கிறேன். படிப்பை ஆராய்கிறவர்களும் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அவர்கள் ஒரு குழந்தைக்கு ஏகப்பட்ட சொற்களைத் திரும்பத் திரும்பக் காட்டி, வருகிற அலைகளை எல்லாம் கூட்டிச் சராசரி எடுத்து, அப்படிப் பல குழந்தைகளை ஒப்பிட்ட பிறகுதான் வாயைத் திறக்கிறார்கள். கொஞ்ச நேரம் பட்டையை மாட்டிவிட்டு ஒரு பையனின் படிப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது, கல்யாண மண்டபத்துக்கு வெளியே நின்றுகொண்டு உள்ளே மூன்றாம் பந்தியில் யார் ரசம் கேட்டார் என்று சொல்வது மாதிரி. சத்தம் கேட்கும், ரசம் கேட்டவர் யார் என்று தெரியாது.

கண்கட்டு வித்தைக்கு வருவோம். சில வருடங்களுக்கு முன்னால் 'மிட்பிரெய்ன் ஆக்டிவேஷன்' என்ற பெயரில் ஊர் ஊராக நடந்த அதே சரக்குதான் இது. அப்போது ஒரு பையனை என்னிடம் பெருமையாகக் கூட்டி வந்தார்கள். கண்ணைக் கட்டிவிட்டு மடியில் புத்தகத்தை வைத்தால் படபடவென்று படித்தான். நான் அந்தப் புத்தகத்தை மெதுவாக அவன் நெற்றி உயரத்துக்குத் தூக்கினேன். வாசிப்பு நின்றுபோனது. மூக்குத் தண்டுக்கும் துணிக்கும் நடுவில் இருக்கிற இடுக்கு கீழே பார்க்கத்தான் உதவும், மேலே பார்க்க உதவாது. பாவம், அவன் மேல் குற்றமில்லை. பெரியவர்கள் கை தட்டுகிறார்கள், பிள்ளை செய்கிறான். மிட்பிரெய்ன், அதாவது நடுமூளை என்ற பகுதி எல்லோருக்கும் பிறந்ததிலிருந்தே வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. கண்ணைத் திருப்புவது, சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்ப வைப்பது போன்றவை அதன் வேலைகள். கண்ணுக்கு எட்டாததை அது படித்துக் காட்டாது.

சரி, உங்கள் நிஜமான கேள்விக்கு வருகிறேன்.

படிப்பதற்கென்று தனியாக ஓர் இடத்தை வைத்துக்கொண்டு எந்த மூளையும் பிறப்பதில்லை. பேச்சு அப்படியல்ல. யாரும் பாடம் நடத்தாமலே, வீட்டில் நாலு பேர் பேசுவதைக் கேட்டே பிள்ளை பேசக் கற்றுக்கொள்கிறது. எழுத்து என்ற ஒன்றை மனிதன் கண்டுபிடித்தே ஏறக்குறைய 5,000 வருடம்தான் ஆகிறது. அதிலும் ஊரில் எல்லோரும் படிக்கத் தொடங்கியது நேற்று. என் ஆச்சி கைநாட்டு, உங்கள் வீட்டிலும் இரண்டு தலைமுறைக்கு முன்னால் அப்படித்தான் இருந்திருக்கும். மூளையின் அமைப்பு மாற இந்தக் காலம் போதவே போதாது. அதனால் ஒவ்வொரு குழந்தையும், வேறு வேலைக்காக இருக்கிற பகுதிகளை இழுத்து ஒன்றோடொன்று கோத்து, படிப்பதற்கான ஏற்பாட்டைத் தானே புதிதாகச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. கண்ணால் பார்ப்பதற்கான பகுதி ஒன்று, காதால் கேட்ட ஓசையைப் பிரிப்பதற்கான பகுதி ஒன்று, வாயால் சொல்வதற்கான பகுதி ஒன்று. உங்கள் பேரன் இப்போது செய்துகொண்டிருப்பது இந்தக் கோக்கிற வேலையைத்தான்.

அந்தக் கோவையில் ஒரு முக்கியமான முடிச்சு இடது பக்கம், காதுக்குப் பின்னால், மூளையின் அடிப்பகுதியில் விழுகிறது. அப்படி ஓர் இடம் உண்டு என்று காட்டிக்கொடுத்தவர் பாரிசில் இருந்த ஒரு நோயாளி. 1887-ல் ஒரு நாள் அந்த மனிதருக்குத் திடீரென்று படிக்க முடியாமல் போனது. ஆட்களைத் தெரிகிறது, பொருள்களின் பெயரைச் சொல்கிறார், பேச்சில் குறையில்லை. இலக்கங்களைக்கூடப் படிக்கிறார். எழுத்துதான் தெரியவில்லை. 'ஏ' என்ற எழுத்தைக் காட்டினால் ஓவியர் படம் வைக்கிற சட்டம் மாதிரி இருக்கிறது என்கிறார், 'இசட்'டைப் பாம்பு என்கிறார். வேடிக்கை என்னவென்றால், சொல்லச் சொல்ல எழுதுகிறார். எழுதியதை அவரிடமே நீட்டினால் படிக்கத் தெரியவில்லை. விரலால் எழுத்தின் மேல் வரைந்து பார்த்தால் மட்டும் இன்ன எழுத்து என்று பிடிபடுகிறது. அவரைப் பரிசோதித்த ழூல் டெஜரின் என்ற நரம்பியல் மருத்துவர், 1892-ல் அவர் இறந்த பிறகு மூளையைத் திறந்து பார்த்தார். இடது பக்கத்தின் பின்பகுதியில் சேதம். கண் பார்த்த எழுத்து, மொழிப் பகுதிக்குப் போய்ச் சேரும் வழி அடைபட்டிருந்தது.

வளர்ந்தவருக்கு அந்த இடம் அடிபட்டால் படிப்பு போகும் என்று அன்றே தெரிந்துவிட்டது. குழந்தைக்கு அந்த இடம் எப்படி உருவாகிறது என்பதைக் கண்ணால் பார்க்க நூறு வருடத்துக்கு மேல் ஆனது. செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. என்று ஒன்று வந்தது. மூளையின் எந்தப் பகுதி மும்முரமாக வேலை செய்கிறதோ அந்தப் பகுதிக்கு ரத்தம் கூடுதலாகப் பாயும். அந்த மாற்றத்தைப் படம் பிடிக்கிற முறை அது. 2018-ல் ஜிஸ்லேன் டெஹேன்-லாம்பர்ட்ஸ் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய குழுவும் பிரான்சில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு அது. ஆறு வயதுப் பிள்ளைகள் பத்தே பேர். பள்ளியில் வாசிப்புப் பாடம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு முறை, அப்புறம் அந்த வருடம் முழுக்க விட்டு விட்டு, ஒவ்வொரு பிள்ளையையும் ஆறு ஏழு முறை படம் எடுத்தார்கள். எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் நீங்கள் போயிருக்கிறீர்களோ என்னவோ. உள்ளே இடி இடிப்பது போலச் சத்தம், தலையை ஆட்டக்கூடாது. ஆறு வயதுப் பிள்ளைகளை அதில் ஏழு முறை படுக்க வைத்தவர்களுக்குத் தனியாக ஒரு விருது கொடுக்கலாம்.

குழாய்க்குள் பிள்ளைகளுக்கு முகங்கள், வீடுகள், கருவிகள், எண்கள், சொற்கள் என்று பலவும் மாறி மாறிக் காட்டப்பட்டன. பள்ளி தொடங்குவதற்கு முன்னால், சொற்களுக்கென்று தனியாக எழும்புகிற இடம் எதுவும் இல்லை. முதல் மூன்று மாதத்தில் எழுத்துக்கும் ஓசைக்கும் உள்ள தொடர்பு பிள்ளைகளுக்குப் பிடிபடுகிறது. அதே சமயத்தில் அந்த இடது பின் மூலையில் சொற்களுக்கென்று ஒரு சின்ன இடம் முளைக்கிறது. அந்த இடம் அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தது என்று பழைய படங்களைப் புரட்டிப் பார்த்தார்கள். பெரும்பாலும் எதற்கும் உறுதியாகப் பட்டா போடாத நிலம். கருவிகளின் படத்துக்குக் கொஞ்சம் அசைந்துகொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். பக்கத்தில் முகங்களை அடையாளம் காண்கிற இடம் இருக்கிறது. அதை எழுத்து பிடுங்கிக்கொள்ளவில்லை. நன்றாகப் படித்த பிள்ளைகளுக்கு முகங்களுக்கான வேலை வலது பக்கத்தில் இன்னும் வலுத்திருந்தது. எழுத்து இப்படிப் புறம்போக்கில் குடிசை போட்டுத்தான் குடியேறுகிறது.

இந்த ஆய்விலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. எழுத்தை ஓசையோடு இணைப்பது பிடிபட்ட அதே காலத்தில்தான் அந்த இடமும் முளைத்தது. இன்னோர் ஆய்வும் இதையே காட்டியது. 2010-ல் சுவிட்சர்லாந்தில், இன்னும் படிக்கத் தொடங்காத பிள்ளைகளுக்கு இன்ன எழுத்துக்கு இன்ன ஓசை என்று சொல்லித்தரும் கம்ப்யூட்டர் விளையாட்டைக் கொடுத்தார்கள். எட்டு வாரத்தில் மொத்தமாக நான்கு மணி நேரத்துக்கும் குறைவாகத்தான் விளையாடினார்கள். அதற்கே, எழுத்தைப் பார்த்ததும் அந்தப் பகுதி வேறு மாதிரி எழும்பத் தொடங்கியிருந்தது. அப்படியானால் எழுத்துக் கூட்டிப் படிப்பதைக் குறை என்று எப்படிச் சொல்வது? அவன் எழுத்துக் கூட்டுகிற ஒவ்வொரு தடவையும்தான் அந்த இணைப்பு இறுகுகிறது. வீடு கட்டும்போது சாரம் கட்டியிருப்பதைப் பார்த்து, எதிர்வீட்டில் சாரம் இல்லையே என்று யாரும் வருத்தப்படுவதில்லை.

பழக்கம் ஏற ஏற என்ன ஆகிறது என்பதற்கும் படம் இருக்கிறது. 2003-ல் அமெரிக்காவில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஆறு வயது முதல் 22 வயது வரை 41 பேரைப் படம் எடுத்தார்கள். படிக்கும் திறமை கூடக் கூட, இடது பக்கத்தில் மொழி சார்ந்த பகுதிகளில் வேலை கூடியது. வலது பக்கத்தின் பின்கீழ்ப் பகுதியில் குறைந்தது. உங்கள் நாலு பக்க ரிப்போர்ட்டில் வலது மூளையை எழுப்ப வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள் இல்லையா? படிப்பு முன்னேறும்போது, படிக்கிற வேலையில் வலது பக்கம் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்கிறது என்பதுதான் அளந்து கண்டது. பொய் சொல்வதற்குக்கூட ஒரு பக்கத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கலாம்.

வேகம் ஒரே வருடத்தில் வந்துவிடாது. புதிதாகப் படிக்கும் பிள்ளைக்கு மூன்றெழுத்துச் சொல்லைவிட ஆறெழுத்துச் சொல்லுக்கு அதிக நேரம் ஆகும், ஏனென்றால் ஒவ்வோர் எழுத்தாகக் கடக்கிறான். நீங்கள் தினசரியை விரிக்கும்போது 'மழை' என்ற சொல்லும் 'பள்ளிக்கூடம்' என்ற சொல்லும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பிடிபடும். அந்த இடது மூலை, சொல்லின் உருவத்தைக் கால் நொடிக்கும் குறைவான நேரத்தில் பிடித்துவிடுகிறது. அந்த நிலைக்குப் போகப் பல வருடப் பழக்கம் வேண்டும், பதின்ம வயது வரைக்கும் அது மெருகேறிக்கொண்டே இருக்கும். ஆறரை வயதில் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு வருட இடைவெளி தெரிவது சாதாரணம். எதிர்வீட்டுப் பெண் நன்றாகப் படிக்கட்டும், அவளைக் கொஞ்ச நாளைக்கு மறந்துவிடுங்கள்.

இப்போது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்க வேண்டிய ஒரு விஷயம். 'படம்' என்ற சொல்லை அவன் எப்படிக் கூட்டுகிறான்? "ப... ட... இம்... படம்" என்றுதானே? அந்த 'இம்' தான் பல பிள்ளைகளுக்கு இடறுகட்டை. நாம் புள்ளி எழுத்துகளுக்கு இக், இங், இச் என்று பெயர் வைத்திருக்கிறோம். சொல்லிக் கொடுக்க அது வசதி. ஆனால் கூட்டும்போது பெயரைச் சேர்த்தால் 'படஇம்' என்றுதான் வரும். அதிலிருந்து 'படம்' என்பதற்குத் தாவுவது பெரிய தாவல், கெட்டிக்காரப் பிள்ளை தானாகத் தாவிவிடும், மற்றவை தடுமாறும். 'ம்' வரும்போது உதட்டை மூடிக் காட்டுங்கள், பெயர் சொல்ல வேண்டாம். "பட" என்று சொல்லி உதட்டை மூடினால் 'படம்' தானாக வந்துவிடும். 'ல்'லுக்கு நாக்கை மேலே தொட வைத்து நிறுத்துங்கள். ஒரு வாரம் செய்து பாருங்கள். என்னிடம் வருகிற பிள்ளைகளில் சிலருக்கு இந்த ஒரு மாற்றமே பாதித் தடையை எடுத்திருக்கிறது.

இன்னோர் இடறல் கொம்பு. 'கெ', 'கே', 'கை' எழுதும்போது உயிரின் அடையாளம் முன்னால் வருகிறது, வாய் சொல்லும்போது பின்னால் வருகிறது. 'கொ' வந்தால் இரண்டு பக்கமும் நிற்கிறது. கண் இடமிருந்து வலமாகப் போகிறது, ஓசை அந்த வரிசையில் வரவில்லை. இது தமிழ் படிக்கிற எல்லாப் பிள்ளையும் ஏறியாக வேண்டிய மேடு, கொஞ்சம் நேரம் கொடுங்கள். அதே போலத்தான் 'க'. காகம் என்பதில் முதல் 'கா' ஒரு மாதிரி, நடுவில் இருக்கிற 'க' வேறு மாதிரி. 'தங்கம்' என்றால் இன்னொரு மாதிரி. எழுத்து ஒன்றுதான். எந்த இடத்தில் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதை எழுத்து சொல்லாது, பேச்சுப் பழக்கம்தான் சொல்லும். சொல்லை முன்பே காதால் கேட்டிருக்கிற பிள்ளை "பகல்" என்று சரியாகச் சொல்லும். கேட்காத பிள்ளை கல்லைக் கடித்த மாதிரி அழுத்தி வாசிக்கும். அதனால் கதை சொல்வதும், விடுகதை போடுவதும், 'க'வில் தொடங்குகிற பெயர் பத்து சொல்லு என்று விளையாடுவதும் பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். ஓசையைப் பிரித்துக் கேட்கப் பழகாத காதோடு, கண் எவ்வளவு பார்த்தும் பயனில்லை.

இங்கிலீஷில் அவன் திணறுவதைப் பற்றி நான் கவலையே படவில்லை. எழுத்து ஒரு வழி, உச்சரிப்பு ஒரு வழி என்று போகிற மொழி அது. 2003-ல் ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் முதல் வருடப் பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். ஃபின்லாந்து, கிரீஸ் பிள்ளைகள் வருட முடிவில் பழகிய சொற்களை ஏறக்குறைய எல்லாமே சரியாகப் படித்தார்கள். இங்கிலீஷைத் தாய்மொழியாகப் பேசுகிற ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் மூன்றில் ஒரு பங்குதான். வீட்டில் ஒருவரும் பேசாத இங்கிலீஷில் உங்கள் பேரன் எழுத்துக் கூட்டுகிறான் என்றால் முதுகில் தட்டிக் கொடுங்கள். தமிழில் முதலில் ஓட விடுங்கள், கூட்டிப் படிக்கிற வித்தை கைவந்துவிட்டால் அது இங்கிலீஷுக்கும் உதவும்.

அடுத்தது திருப்பி எழுதுவது. வீட்டுக்குப் பெரியவர்கள் எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான், பயப்படத் தேவையே இல்லாததும் இதுதான். ஒரு மூக்குச் சொம்பை மேசையில் வைத்து அதன் மூக்கை இடது பக்கம் திருப்பி வையுங்கள். பிறகு வலது பக்கம் திருப்புங்கள். அது இரண்டு சொம்பு என்று யாராவது சொல்வார்களா? பசு இடது பக்கம் பார்த்தாலும் வலது பக்கம் பார்த்தாலும் ஒரே பசுதான். நம் கண்ணும் மூளையும் அப்படித்தான் பழகியிருக்கின்றன. திரும்பி நின்ற புலியை வேறு பிராணி என்று நினைத்தவன் பிழைத்திருக்க மாட்டான். எழுத்து வந்து இந்தப் பழக்கத்தை உடைக்கிறது. வயிறு வலது பக்கம் இருந்தால் 'பி', இடது பக்கம் இருந்தால் 'டி' என்கிறது. பிறவியிலிருந்து வந்த ஒரு பழக்கத்தை எழுத்துகளுக்கு மட்டும் விட்டுவிட வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். ஆறு ஏழு வயதில் இப்படித் திருப்பி எழுதாத பிள்ளைதான் அபூர்வம்.

இதில் தமிழுக்கு ஒரு சுவாரசியமான பங்கு உண்டு. தமிழில் ஒன்றை இடவலமாகத் திருப்பினால் இன்னோர் எழுத்தாகிற ஜோடியே கிடையாது. எரிக் பீடர்சன் என்ற மொழியியலாளர் தமிழ் பேசுகிறவர்களிடம் கோட்டுருவங்களைக் காட்டி, இடவலம் மாறிய உருவத்தை வேறு என்று சொல்கிறார்களா என்று சோதித்தார். இங்கிலீஷ் எழுத்தும் தெரிந்தவர்கள் வேறு என்றார்கள். தமிழ் மட்டும் படித்தவர்கள், எழுத்தே தெரியாதவர்களைப் போலவே, இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லும் பக்கமே சாய்ந்தார்கள். தமிழ் படிக்க அந்தப் பழக்கத்தை உடைக்க வேண்டிய அவசியமே வரவில்லை, அவ்வளவுதான். ஆக உங்கள் பேரன் தமிழில் ஒழுங்காக எழுதி, இங்கிலீஷில் மட்டும் 'பி', 'டி' குழம்பினால் அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். தினமும் கால் மணி நேரம் போதும். அவன் படிக்க, நீங்கள் விரலைச் சொல்லுக்கு அடியில் நகர்த்துங்கள். ஒரே பக்கத்தை மூன்று நாள் படிக்க விடுங்கள், மூன்றாம் நாள் வேகத்தை அவனே உணர்வான். "மனப்பாடமாகச் சொல்கிறான்" என்று சந்தேகம் வந்தால் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேளுங்கள். கடைப் பலகை, பஸ்ஸின் ஊர்ப் பெயர், தினசரியின் கொட்டை எழுத்துத் தலைப்பு, எல்லாம் பாடப்புத்தகம்தான். அடுத்தது, கையால் எழுதச் சொல்லுங்கள். 2012-ல் அமெரிக்காவில் காரின் ஜேம்ஸ் என்பவர், இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளை வைத்து ஒன்றைச் சோதித்தார். சில எழுத்துகளை வெறுங்கையால் எழுதிப் பழகினார்கள், சிலவற்றைப் புள்ளிக் கோட்டின் மேல் ஓட்டினார்கள், சிலவற்றை விசைப்பலகையில் தட்டினார்கள். அப்புறம் எம்.ஆர்.ஐ.யில் காட்டியபோது, வெறுங்கையால் எழுதிய எழுத்துகளுக்குத்தான் படிக்கிற பகுதிகள் நன்றாக எழும்பின. நம் பள்ளிகளில் பிடித்தமான வேலை, எழுதியதன் மேலேயே பத்துத் தடவை ஓட்டச் சொல்வது. பாட்டன் காலத்துத் திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுத வைத்தார்களே, அது மேல். கோணலாக வரட்டும், அந்தக் கோணலில்தான் கற்றுக்கொள்கிறான்.

எப்போது கவலைப்பட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் காதையும் கண்ணையும் பரிசோதித்துவிடுங்கள். அடிக்கடி சளி பிடித்துக் காதில் நீர் கட்டுகிற பிள்ளைக்கு 'ப'வும் 'ம'வும் ஒன்றாகக் கேட்கலாம். அதற்குக் காது மருத்துவர்தான் வேண்டும். பேச்சு தாமதமாக வந்திருந்தால், அப்பா அம்மா வழியில் யாருக்காவது படிப்பு இப்படி இழுபறியாக இருந்திருந்தால், நேற்று படித்த எழுத்து இன்று புதிதாகத் தெரிகிறது என்றால், நான் மேலே சொன்ன மாதிரி ஆறு மாதம் ஒழுங்காக உட்கார்ந்த பிறகும் நகரவில்லை என்றால், அப்போது டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பில் வருகிற கற்றல் குறைபாடு, இருக்கிறதா என்று முறையாகப் பார்க்க வேண்டும். அதற்கும் தலையில் பட்டை வேண்டாம். சிறப்புக் கல்வியாளர் ஒருவர் பிள்ளையைப் படிக்க வைத்து, எழுத வைத்து, ஓசைகளைப் பிரிக்க வைத்து, இரண்டு மூன்று மணி நேரம் பார்ப்பார். மாவட்டத்தில் அரசின் ஆரம்ப நிலை இடையீட்டு மையம் உண்டு, அரசு மருத்துவமனையில் 'டி.இ.ஐ.சி. எங்கே' என்று கேட்டால் வழி காட்டுவார்கள். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இருக்கிறது. 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்ந்திருப்பதால், அப்படி உறுதியானால் தேர்வில் சலுகைகளுக்கும் வழி உண்டு.

அப்படியே டிஸ்லெக்சியா என்று வந்தாலும் கதவு மூடிவிடுவதில்லை. அமெரிக்காவில் சாலி ஷேவிட்ஸ் குழுவினர் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், படிக்கத் திணறிய ஆறு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குத் தினமும் 50 நிமிடம், பள்ளி வருடம் முழுக்க, எழுத்தையும் ஓசையையும் இணைக்கும் பாடத்தைத் தனித்தனியாக நடத்தினார்கள். பிள்ளைகள் முன்னேறினார்கள். முன்பு சோம்பியிருந்த இடது பக்கப் பகுதிகளும் வேலை செய்யத் தொடங்கின, பயிற்சி முடிந்து ஒரு வருடம் கழித்து எடுத்த படத்திலும் அது தெரிந்தது. அங்கேயும் மருந்து அதேதான், அளவுதான் கூடுதல்.

கடைசியில், எட்டிப் பார்க்கிற உங்கள் வீட்டம்மா. கேட்டதற்கு நன்றி, பலர் கேட்பதே இல்லை. அறுபதில் ஏறும். 2010-ல் பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் 63 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அதில் பள்ளிக்கே போகாமல், பெரியவர்களான பிறகு எழுத்துக் கற்றவர்கள் 22 பேர். அவர்களுடைய மூளையிலும் அந்த இடது மூலை எழுத்துக்கு எழும்பியது, சிறுவயதில் படித்தவர்களுக்கு நடந்த மாற்றங்களில் பெரும்பகுதி இவர்களுக்கும் நடந்திருந்தது. நம் நாட்டிலேயே, உத்தரப் பிரதேசத்தில் லக்னோ பக்கத்துக் கிராமங்களில் எழுத்துத் தெரியாதவர்களுக்கு, அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், ஆறு மாதம் தேவநாகரி, அதாவது இந்தி எழுதுகிற எழுத்து, சொல்லிக்கொடுத்து, முன்னும் பின்னும் படம் எடுத்தார்கள். 2017-ல் வெளியான முடிவு, மூளையின் மேல்பரப்பில் மட்டுமல்லாமல், அடியாழத்தில் கண் பார்வையோடு தொடர்புள்ள பகுதிகளிலும் ஒத்திசைவு கூடியிருந்தது என்றது. ஆறே மாதம்.

அவரைத் தனியாக உட்கார வைத்துப் பாடம் நடத்தாதீர்கள், கூச்சப்படுவார். பேரனையே வாத்தியாராக்கி விடுங்கள். பாட்டிக்குச் சொல்லிக்கொடுக்க அவன் ஒவ்வோர் எழுத்தையும் ஓசையோடு பிரித்துச் சொல்லியாக வேண்டும். அவனுக்கு வேண்டிய பயிற்சியும் அதுதான். அவர் "இம்" என்று சொன்னால் அவன் உதட்டை மூடிக் காட்டட்டும்.

அந்த 1,000 ரூபாய்க்கு ரசீது இருந்தால் நேரில் போய்த் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் சண்டை போட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். தந்தால் கடைத்தெருவில் சிலேட்டு வாங்குங்கள், இரண்டாக.